‘யூஜிசி அங்கீகாரம்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தால் நம்பலாமா?

கொள்ளிடக்கரை எழுதியது:

வணக்கம். மகள் பிளஸ் 2 முடித்திருக்கிறாள். பிசிஏ படிக்க ஆசை. அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ் போகிற தூரத்தில்தான் அந்த வளாகம் இருக்கிறது. நோட்டீஸில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்: யூஜிசி அங்கீகாரம், ஏஐசிடிஇ ஒப்புதல், நாக் ஏ பிளஸ், ஐஎஸ்ஓ சான்று. கீழே பொடி எழுத்தில் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர். பட்டம் அவர்கள் தருவார்களாம், வகுப்பு இங்கே நடக்குமாம். “ஆன்லைன் மோடுதான் சார், ஆனால் தினமும் காலேஜ் மாதிரியே வரலாம்” என்றார்.

இதில் எதை நம்புவது? நாளைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதப் போனால் செல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

ஐஎஸ்ஓ என்று போட்டிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பிஸ்கட் கம்பெனிக்கும் அதே சான்றுதான் தருகிறார்கள்.

பழைய_கோப்பு எழுதியது:

பல்கலைக்கழக அலுவலகத்தில் கல்லூரிகளுக்கு இணைவு (அஃபிலியேஷன்) தரும் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த நோட்டீஸில் இருக்கும் நான்கும் நான்கு வேறு சமாச்சாரம். நான்கையும் ஒரே வரியில் எழுதினால் பெற்றோர் மயங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதலில் பட்டம். 1956-ஆம் ஆண்டின் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 22-ஆவது பிரிவு, யார் பட்டம் கொடுக்கலாம் என்று சொல்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகம் கொடுக்கலாம். 3-ஆவது பிரிவின்படி மத்திய அரசு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று அறிவித்த நிறுவனம் கொடுக்கலாம். ஐஐடி போல நாடாளுமன்றச் சட்டமே அதிகாரம் கொடுத்தவையும் கொடுக்கலாம். வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. கல்லூரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், தன்னாட்சி பெற்றதாகவே இருந்தாலும், பட்டச் சான்றிதழில் இணைவு தந்த பல்கலைக்கழகத்தின் பெயர்தான் வரும். தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கையில். அவ்வளவுதான்.

அடுத்து, கல்லூரிகள் ‘யூஜிசி அங்கீகாரம்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் அதே சட்டத்தின் 2(எஃப்) பட்டியலில் பெயர் இருப்பதைத்தான் சொல்கிறார்கள். 12(பி) என்றும் ஒன்று உண்டு. அது மத்திய நிதி உதவி பெறுவதற்கான தகுதி. இவை இரண்டும் இல்லாமல், பல்கலைக்கழக இணைவு மட்டும் வைத்துக்கொண்டு ஒழுங்காக நடக்கிற கல்லூரிகள் ஏராளம். அங்கே படித்த பிள்ளையின் பட்டமும் செல்லும்.

ஏஐசிடிஇ என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. பொறியியல், மேலாண்மை போன்ற படிப்புகளுக்கு. 2024-25 முதல் பிசிஏ, பிபிஏ படிப்புகளையும் தன் ஒப்புதலுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே இணைவு பெற்ற கல்லூரியில் பிசிஏ சேர்வதானால் ஏஐசிடிஇ தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் படிப்பு, இந்த ஆண்டு, எத்தனை இடம் என்று பார்த்துவிட வேண்டும். கல்லூரிக்கு ஒப்புதல் இருக்கும், நீங்கள் கேட்கிற படிப்புக்கு இருக்காது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

நாக் என்பது அனுமதி அல்ல. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் நிறுவனத்தின் தரத்துக்கு அது மதிப்பீடு போடுகிறது. அந்த ஏ பிளஸ் யாருடையது என்று ஏஜென்டிடம் கேளுங்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வாங்கியதாக இருக்கும், உங்கள் ஊர் வளாகத்துக்கு இருக்காது.

இப்போது உங்கள் விஷயம். ஆன்லைன் பட்டம் தருவது தப்பில்லை. 2020-இல் யூஜிசி போட்ட விதிமுறைகளின்படி அனுமதி வாங்கிய பல்கலைக்கழகங்கள் தரலாம். அந்தப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். ஆனால் அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. சேர்க்கை, வகுப்பு, தேர்வு எதையும் இன்னொரு டிரஸ்டுக்கோ கோச்சிங் சென்டருக்கோ குத்தகை விடக் கூடாது. ஏஜென்ட் சொன்ன ‘பட்டம் அவர்கள், வகுப்பு நாங்கள்’ ஏற்பாட்டை விதியே தடை செய்கிறது.

செய்ய வேண்டியது இது. யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்துக்குப் போங்கள். டெப் என்று சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டுங்கள். இந்தப் பருவத்துக்கு, ஆன்லைன் முறையில், பிசிஏவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலேயே சேரலாம், நடுவில் ஆள் தேவையில்லை. 2024 முதல் ஒவ்வொரு மாணவரும் டெப் ஐடி எடுத்த பிறகுதான் சேர முடியும். அந்த ஐடியை உங்கள் மகளே எடுக்கட்டும், ஏஜென்டிடம் ஆதாரையும் ஓடிபியையும் கொடுக்காதீர்கள்.

பத்தி_22 எழுதியது:

பழைய_கோப்பு சார் அழகாகச் சொல்லிவிட்டார். நான் வக்கீல் என்பதால் தண்டனைப் பக்கத்தைச் சேர்க்கிறேன். பட்டம் கொடுக்க உரிமையில்லாமல் கொடுத்தாலோ, பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டாலோ யூஜிசி சட்டம் 24-ஆவது பிரிவின்படி அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1000 ரூபாய். 1956-இல் அது பெரிய தொகை. இன்று அந்த நோட்டீஸ் அச்சடித்த செலவுகூட அதைவிட அதிகம். ஏமாற்று வழக்கு தனியாகப் போடலாம் என்பது வேறு. ஆனால் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பல் இவ்வளவுதான். யூஜிசி வருடந்தோறும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிடுகிறது. டெல்லி, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த சில பெயர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. ஏன் என்று இப்போது புரியும்.

சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

ஆயிரம் ரூபாயா! ஹெல்மெட் போடாமல் போனாலும் அதே ஆயிரம்தான்.

காளிங்கராயன் எழுதியது:

இங்கே எல்லோரும் கல்லூரிகளைத் திட்டுவதற்கு முன் என் பக்கத்தையும் கேளுங்கள். சிறிய டிரஸ்ட் ஒன்றில் செயலாளராக இருக்கிறேன். கலை அறிவியல் கல்லூரி, கிராமப்புறம், பாதிக்கு மேல் முதல் தலைமுறை மாணவர்கள். எங்களுக்கு எத்தனை வாசல் என்று எண்ணிப் பாருங்கள். மாநில அரசு அனுமதி, 1976-ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், பல்கலைக்கழக இணைவு, அதிலும் ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக இன்ஸ்பெக்‌ஷன், கட்டணம். கட்டட வரைபட அனுமதி, தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று. பிசிஏ நடத்துகிறோம் என்பதால் இப்போது ஏஐசிடிஇ. ஒரே ஆவணத்தை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வேறு வேறு படிவத்தில் கொடுக்கிறோம். பத்து வருடமாக நடக்கிற பிசிஏவுக்குத் திடீரென்று புது ஆளிடம் போய் ஒப்புதல் வாங்கு என்றால் எப்படி?

இதையெல்லாம் செய்கிறவனைத்தான் வந்து சோதிக்கிறார்கள். கொள்ளிடக்கரை அண்ணன் சொல்கிற வளாகம் எந்தக் கதவையும் தட்டவில்லை, அதனால் எந்த இன்ஸ்பெக்டரும் அங்கே போகப் போவதில்லை. பதிவு செய்தவனுக்குத்தான் கட்டுப்பாடு.

கோவை_வாத்தியார் எழுதியது:

காளிங்கராயன் சார், நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். மறுபாதியை நான் சொல்கிறேன், பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்த்தவன்.

இன்ஸ்பெக்‌ஷன் குழு வருகிறது என்றால் ஒரு வாரத்துக்குக் கல்லூரியே வேறு மாதிரி ஆகிவிடும். நூலகத்துக்குப் புத்தகம் வேனில் வரும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் லேப் கம்ப்யூட்டர்களில் பக்கத்து வளாகத்தின் ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். குழுவும் பார்த்தது, சிரித்தது, போய்விட்டது. வருகைப் பதிவேட்டில் நான் கேள்விப்பட்டே இராத சக ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன.

இது என் கதை மட்டும் இல்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் என்ன வெளியிட்டது என்று நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழக இணைவுக்காகக் கல்லூரிகள் கொடுத்த ஆசிரியர் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால், 300-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்! சிலர் பத்துக் கல்லூரிகளைத் தாண்டியும். அந்தப் பட்டியல் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே கிடந்தது. ஆண்டுதோறும் ஆய்வு செய்தவர்களின் கண்ணில் படாதது, வெளியிலிருந்து பார்த்த ஒரு அமைப்பின் கண்ணில் பட்டது. அதற்கப்புறம்தான் முகத்தை ஸ்கேன் செய்யும் வருகைப்பதிவு என்று ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று. 2018-இல் ஏஐசிடிஇ ஆசிரியர் மாணவர் விகிதத்தை 1:15 என்பதிலிருந்து 1:20 ஆக்கியது. காகிதத்தில் சின்ன மாற்றம். ஆனால் ஒரே கையெழுத்தில் எத்தனை பேரை ‘சர்ப்ளஸ்’ என்று வெளியே அனுப்பினார்கள் என்பதை எங்களைக் கேளுங்கள். போகும்போது ஒரிஜினல் சான்றிதழைத் திரும்ப வாங்கவே சண்டை போட வேண்டியிருந்தது.

காளிங்கராயன் எழுதியது:

வாத்தியார் சார், மறுக்கவில்லை. ஆனால் நிலம், கட்டடம், தலை எண்ணிக்கை என்று எண்ணக்கூடியதை மட்டுமே விதியாக வைத்தால் எண்ணிக்கையைக் காட்டத்தான் செய்வார்கள். வகுப்பறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்ட ஆய்வுக் குழுவை நான் பார்த்ததே இல்லை.

கோவை_வாத்தியார் எழுதியது:

அதில் உங்களோடு நூறு சதவீதம் உடன்படுகிறேன்.

பழைய_கோப்பு எழுதியது:

குழுவில் போன பேராசிரியர்கள் எல்லோரும் விலை போனவர்கள் இல்லை. காலை பத்து மணிக்கு வந்து மாலைக்குள் ஆறேழு துறைகளைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கறாராக எழுதியவரை அடுத்த முறை குழுவில் போட மாட்டார்கள். இது எழுதப்படாத நடைமுறை. எழுதிய குறையைச் ‘சரி செய்துவிட்டோம்’ என்று கல்லூரி ஒரு கடிதம் கொடுத்தால் நிபந்தனையோடு இணைவு நீட்டிக்கப்படும். அதே குறை அடுத்த வருட அறிக்கையிலும் வரும்.

தர மதிப்பீட்டிலும் இதே கதைதான். 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் தருவதற்காக லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. பெற்றோர் நாக் கிரேடைப் பார்க்கட்டும், ஆனால் அதை மட்டும் பார்க்க வேண்டாம்.

யார்ரா_நதி எழுதியது:

மெல்போர்னிலிருந்து. இங்கே 2011-இல் டெக்ஸா என்று ஒரே அமைப்பு வைத்தார்கள். உயர்கல்வி தரும் எல்லோரும், பழைய பல்கலைக்கழகங்கள் உட்பட, அதில் பதிவு செய்தாக வேண்டும். அதிகபட்சம் ஏழு ஆண்டுக்குத்தான் பதிவு, அப்புறம் புதுப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் படிப்புக்குத் தாங்களே ஒப்புதல் கொடுத்துக்கொள்ளலாம். சிறிய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு படிப்புக்கும் டெக்ஸாவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க க்ரிகோஸ் என்ற தனிப் பதிவும் வேண்டும். ஒரு இடத்தில் பெயரைத் தட்டினால் நிபந்தனை உட்பட எல்லாம் வரும். நிறுவனம் மூடிவிட்டால் வெளிநாட்டு மாணவருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்க அல்லது படிக்காத காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர ஒரு நிதி ஏற்பாடும் உண்டு. அதற்குக் கல்வி நிறுவனங்கள்தான் பணம் கட்டுகின்றன.

இங்கும் திருட்டுத்தனம் இல்லாமல் இல்லை. விசாவுக்காகவே நடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் மூடும்போது மாணவர் நடுத்தெருவில் நிற்பது குறைவு.

பத்தி_22 எழுதியது:

யார்ரா_நதி சொன்ன கடைசி விஷயம்தான் நம் ஊரில் இல்லாதது. இங்கே அனுமதி தராமல் விட்டவர், அனுமதி இல்லாமல் நடத்தியவர், கண்டும் காணாமல் இருந்தவர் எல்லோரும் தப்பித்து, கடைசியில் தண்டனை மாணவருக்கு வந்து சேரும். இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

ஒன்று, 2002-இல் சத்தீஸ்கர் அரசு தனியார் பல்கலைக்கழகங்களுக்காக ஒரு சட்டம் போட்டது. அரசிதழில் ஒரு அறிவிப்பு வந்தால் போதும், பல்கலைக்கழகம் தயார். கொஞ்ச காலத்திலேயே 112 பல்கலைக்கழகங்கள். நூலகம் இல்லை, ஆசிரியர் இல்லை, சிலவற்றுக்கு ராய்ப்பூரில் ஒற்றை அறை மட்டும். யூஜிசியின் முன்னாள் தலைவர் பேராசிரியர் யஷ்பாலே உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் அந்தச் சட்டப்பிரிவுகளை நீதிமன்றம் ரத்து செய்தது. ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளுக்காக, அந்த நிறுவனங்களை மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி செய்தது.

இரண்டாவது, நம் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 2001 வாக்கில் தொலைதூர முறையில் பி.டெக். நடத்தின. பொறியியலைத் தபாலில்! ஏஐசிடிஇ ஒப்புதல் இல்லை. வேலையில் இருந்த டிப்ளமோக்காரர்கள் பதவி உயர்வுக்காகச் சேர்ந்தார்கள். ஒடிஷாவில் ஒரு அரசு நிறுவனத்தில் பதவி உயர்வு தகராறாக ஆரம்பித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நான்கு நிகர்நிலை நிறுவனங்கள் சிக்கின, ஒன்று சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏஐசிடிஇ வைக்கும் தேர்வை எழுதித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து, கட்டணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு. பத்து வருடத்துக்கும் மேலாக அந்தப் பட்டத்தை வைத்து வேலை பார்த்தவர்கள், ஐம்பதை நெருங்கும் வயதில் தேர்வு எழுதப் போனார்கள். அதே தீர்ப்புக்குப் பிறகுதான் நிகர்நிலை நிறுவனங்கள் ‘பல்கலைக்கழகம்’ என்று மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று யூஜிசி 123 நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது.

வேடிக்கை என்னவென்றால், பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் படிப்பு ஆரம்பிக்க ஏஐசிடிஇயின் முன் அனுமதி தேவையில்லை என்று 2001-இல் தீர்ப்பு வாங்கியது நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான். அந்தத் தீர்ப்பு எங்களுக்கும் பொருந்தும் என்று நிகர்நிலைக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். புதிய தொழில்நுட்பப் படிப்புக்கு உங்களுக்கு அனுமதி தேவைதான் என்றது நீதிமன்றம்.

கொள்ளிடக்கரை எழுதியது:

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. தொலைதூரத்தில் நம் ஊர்ப் பெரிய பல்கலைக்கழகங்கள் என்றால் பயமில்லைதானே?

பழைய_கோப்பு எழுதியது:

பெரிய பெயர் என்பதால் பார்க்காமல் விடாதீர்கள். 2022 மார்ச்சில் யூஜிசி ஒரு பொது அறிவிப்பு போட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கான அனுமதி 2014-15 வரைதான், அதற்குப் பிந்தைய சேர்க்கைக்கு மாணவரும் பல்கலைக்கழகமும்தான் பொறுப்பு என்று. எத்தனை ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் அங்கே படித்தவர்கள்! பல்கலைக்கழகம் பழையது, அரசுடையது, சட்டப்படியானது. ஆனாலும் குறிப்பிட்ட முறைக்குக் குறிப்பிட்ட ஆண்டில் அனுமதி இல்லை என்று ஒரு காகிதம் வந்தால் போதும்.

அதனால் எப்போதும் படிப்பு, முறை, ஆண்டு மூன்றையும் சேர்த்தே பாருங்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தொலைதூர முறையில் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் வைக்க முடியாது. ஆன்லைனுக்கு அந்த எல்லை இல்லை. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் இவற்றைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தவே கூடாது. 2025 ஜூலைப் பருவத்திலிருந்து உளவியலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

டிஎன்பிஎஸ்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009-இல் தமிழ்நாடு அரசு போட்ட ஆணைப்படி பத்தாவது, பிளஸ் 2, அப்புறம் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அதில் சிக்கல் இல்லை.

வல்லிபுரம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைப்பதை வாசிக்க எங்கள் மாலபே பிரச்சினை நினைவுக்கு வருகிறது. மாலபேயில் இருந்த சைட்டம் என்ற தனியார் நிறுவனத்துக்கு எம்பிபிஎஸ் பட்டம் வழங்க 2011-இல் பல்கலைக்கழகச் சட்டம் 25ஏ பிரிவின் கீழ் அரசாங்கம் அங்கீகாரம் கொடுத்தது. வர்த்தமானியிலும் வந்தது. ஆனால் இலங்கை மருத்துவ சபை, மருத்துவமனைப் பயிற்சி போதாது என்று சொல்லி அந்தப் பட்டதாரிகளைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. பட்டம் கையில் இருக்கிறது, மருத்துவராக வேலை செய்ய முடியாது. ஒரு மாணவி வழக்குப் போட்டு, 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்யச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதற்கு எதிராக அரச மருத்துவ பீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள், வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் சைட்டத்தை ஒழித்து, மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள்.

எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலர் காணி விற்றும் பிள்ளைகளைத் தனியார் நிறுவனங்களில் சேர்க்கிறார்கள். அமைச்சின் அங்கீகாரம் ஒன்று, தொழில்சார் சபையின் பதிவு இன்னொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வரும் என்று நினைக்க வேண்டாம் ஐயா.

பத்தி_22 எழுதியது:

மிக முக்கியமான இடத்தைத் தொட்டீர்கள் வல்லிபுரம். இந்தியாவிலும் இதே நிலைதான். எல்எல்பிக்கு பார் கவுன்சில், மருத்துவத்துக்கு தேசிய மருத்துவ ஆணையம், பார்மசிக்கு பார்மசி கவுன்சில், கட்டடக் கலைக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில், பி.எட்.டுக்கு என்சிடிஇ. பார்மசி கவுன்சில் ஒப்புதல் இல்லாத கல்லூரியில் பி.பார்ம். முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது, பல்கலைக்கழகம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் சரி. பிசிஏவுக்கு இப்படித் தொழில் பதிவு எதுவும் இல்லை என்பதால் கொள்ளிடக்கரைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

இவ்வளவு கவுன்சில்களையும் ஒன்றாக்கப் போகிறோம் என்று ஒரு மசோதா வந்ததே? வாயில் நுழையாத பெயர்.

பழைய_கோப்பு எழுதியது:

விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான் மசோதா. 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. யூஜிசி, ஏஐசிடிஇ, என்சிடிஇ மூன்றையும் கலைத்து ஒரே ஆணையமாக்கி, அதன் கீழ் ஒழுங்குமுறை, தர மதிப்பீடு, தர நிர்ணயம் என்று மூன்று கவுன்சில்கள். மருத்துவமும் சட்டமும் அதற்கு வெளியே. 2011-இல் ஒரு முறை, 2018-இல் ஒரு முறை வேறு பெயர்களில் இதே முயற்சி நடந்தது, கரை சேரவில்லை. அபராதத்தைக் கோடி ரூபாய்க் கணக்குக்கு உயர்த்தியிருப்பது நல்லது, அந்த ஆயிரம் ரூபாய் கேலிக்கூத்து முடியட்டும். ஆனால் நிதி ஒதுக்கும் அதிகாரத்தை ஆணையத்திடமிருந்து பிரித்து அமைச்சகத்திடமே வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் யார் கையிலோ அவர் சொல்வதுதான் விதி.

இன்னொரு பக்கம், மாநிலத்துக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி. பல்கலைக்கழகத்தை உருவாக்குவது அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலின் 32-ஆவது பதிவு. தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலின் 66-ஆவது பதிவு. 1976-இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதிலிருந்து இந்த இழுபறி ஓயவில்லை.

காளிங்கராயன் எழுதியது:

மாநிலமும் சும்மா இல்லையே. 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தினார்கள். 100 ஏக்கர் தேவை என்றிருந்ததை மாநகராட்சிக்குள் 25, நகராட்சி, பேரூராட்சிக்கு 35, மற்ற இடங்களில் 50 என்று குறைத்து, இருக்கிற கல்லூரிகளும் பல்கலைக்கழகமாக மாறலாம் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் மறுபரிசீலனை என்று பின்வாங்கிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் சென்னையில் 100 ஏக்கருக்கு எங்கே போவது?

கோவை_வாத்தியார் எழுதியது:

பிரச்சினை ஏக்கர் இல்லை சார். அரசு உதவி பெறும் கல்லூரி பல்கலைக்கழகமாக மாறிவிட்டால் அங்கே இட ஒதுக்கீடு, கட்டணம், அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர் பணியிடம் எல்லாம் என்ன ஆகும் என்பதுதான் ஆசிரியர் சங்கங்களின் கேள்வி. அதற்குத் தெளிவான பதில் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். 2009-இல் மத்திய அரசு அமைத்த டாண்டன் குழு 44 நிகர்நிலை நிறுவனங்கள் அந்தத் தகுதிக்கே லாயக்கில்லை என்று சொன்னபோது, அதில் தமிழ்நாட்டு நிறுவனங்கள் எத்தனை இருந்தன என்று பழைய பேப்பரைப் புரட்டுங்கள். குடும்பமே நிர்வாகக் குழு என்பதும் அப்போது எழுந்த குற்றச்சாட்டுதான். நிலத்தை அளப்பது சுலபம், நிர்வாகத்தை அளக்க ஆள் வேண்டும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

டெப் தளத்தில் தேடிப் பார்த்தேன். அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறது. ஆன்லைன் எம்பிஏவும் பி.காமும் இருக்கின்றன. பிசிஏ இல்லை!

இன்னொரு சிக்கல். நான் இங்கே கேட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டில் பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிவிட்டார்கள். சீட் போய்விடும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்தியிருக்கிறார். மகளின் டிசியும் மார்க் ஷீட்டும் அவர்களிடம் இருக்கின்றன. திரும்பக் கேட்டால் “கேன்சல் செய்தால் பணம் வராது, சர்டிபிகேட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டோம்” என்கிறார்கள்.

பழைய_கோப்பு எழுதியது:

ஆன்லைன் படிப்புக்கு ஒரிஜினலை யாரும் அனுப்புவதில்லை, ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். சான்றிதழ் அவர்கள் மேஜை டிராயரில்தான் இருக்கும். ஒரிஜினலை எந்த உயர்கல்வி நிறுவனமும் பிடித்து வைக்கக் கூடாது என்று யூஜிசி 2018 அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும்.

கட்டணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு உண்டு. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுத் தொகை, அதில் செயலாக்கச் செலவாக 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5000 ரூபாய் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கப்புறம் இல்லை. சமீப ஆண்டுகளில் இதைவிடத் தாராளமாகச் செப்டம்பர் இறுதி வரை முழுத் தொகையும் தரச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. ஆனால் இதெல்லாம் உயர்கல்வி நிறுவனத்துக்கு. ரசீது யார் பெயரில் இருக்கிறது?

கொள்ளிடக்கரை எழுதியது:

அந்த வளாகத்தை நடத்தும் டிரஸ்ட் பெயரில். பல்கலைக்கழகத்தின் பெயர் ரசீதில் எங்குமே இல்லை.

பத்தி_22 எழுதியது:

அப்படியானால் உங்கள் மகள் இன்னும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேரவில்லை. ஒருவகையில் நல்லது. கல்லூரி, பல்கலைக்கழகம் மீது நுகர்வோர் வழக்கு நிற்பது கடினம், கல்வி சேவை அல்ல என்று வாதாடுவார்கள். தனியார் பயிற்சி மையத்துக்கு அந்தக் கவசம் இல்லை. இந்த டிரஸ்ட் உண்மையில் ஒரு டியூஷன் சென்டர்தான்.

இந்த வரிசையில் செய்யுங்கள். நோட்டீஸ், ரசீது, ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நகல் கேளுங்கள். சான்றிதழையும் பணத்தையும் ஏழு நாளில் திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள், டெலிவரி ஆனதற்கான சான்றோடு. அதே நாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்த டிரஸ்ட் உங்கள் பெயரில் பிசிஏ சேர்க்கை நடத்துகிறது, நீங்கள் அனுமதித்தீர்களா என்று. பெரும்பாலும் அந்த ஒரு மின்னஞ்சலிலேயே சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிடும், யூஜிசி வரை விஷயம் போவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். யூஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியுங்கள். சான்றிதழ் தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரித் தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டதா? கலந்தாய்வு நாளில் ஒரிஜினல் டிசி கேட்பார்கள். கடிதத்தை நாளைக்கே அனுப்புங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

அடுத்த வாரம் கலந்தாய்வு. கடிதத்தை இப்போதே எழுதுகிறேன். வரைவை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் சார்.